சூளை மூட்டுமுன் போட்ட கையெழுத்து

கண்டிராக்டர் ராஜமாணிக்கத்தின் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் நான் எழுத வந்தது அவனைப் பற்றி அல்ல. அவனுக்கெல்லாம் தாளையும் மையையும் வீணாக்குவானேன்? சூளைக்காரி தங்கத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

தங்கம் அந்தமானில், போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவள். வெள்ளைக்காரன் காலத்தில் அவள் தாத்தாவைக் கைதியாகக் கப்பலேற்றி இங்கே அனுப்பினார்கள். அதை அவள் ஒருபோதும் ஒளித்ததில்லை. யாராவது ஜாடையாகப் பேசினால், "ஆமா, எங்க தாத்தா கொலை பண்ணிட்டுத்தான் வந்தாரு. உனக்கு எங்க வலிக்குது?" என்று முகத்துக்கு நேரே கேட்பாள். மரம் வெட்டப் போன இடத்தில் புருஷன் செத்துப்போனான். அவனுடைய காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் செங்கல் சூளை போட்டாள். வேலைக்குப் பீகார் பக்கத்திலிருந்து வந்த ராஞ்சிக்காரர்கள் ஆறு பேர். அவர்களோடு அவளும் முழங்கால் சேற்றில் இறங்கி மண் மிதிப்பாள்.

இங்கே மே மாதம் பிடிக்கிற மழை டிசம்பர் வரை விடாது. தை முதல் சித்திரை வரைக்கும்தான் செங்கல் அறுக்கலாம், சுடலாம். மழை விழுமுன் ஆறு பேருக்கும் நாலு மாதக் கூலியை மொத்தமாகக் கொடுத்துக் கல்கத்தா கப்பலில் ஏற்றிவிட வேண்டும். அந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. ஊரில் அவர்கள் வந்து விதைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். ஒரு வருஷம்கூடத் தங்கம் சொன்ன சொல் தவறியதில்லை.

அது 1966. கட்டட வேலைகளைப் பார்க்கும் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். ஊருக்குள் லம்பா லைன் பகுதியில் குவார்ட்டர்ஸ் கட்டும் வேலை ராஜமாணிக்கத்துக்குக் கிடைத்தது. லைசென்ஸ் உள்ள கண்டிராக்டர், வெள்ளைச் சட்டை, கையில் தங்கச் செயின் கடிகாரம். முப்பதாயிரம் கல்லுக்குத் தங்கத்திடம் ஆர்டர் கொடுத்தான்.

எங்கள் ஆபீசில் ஒரு கேடுகெட்ட வழக்கம் இருந்தது. சாமான் கொடுத்தவருக்குப் பணம் முழுதும் தீர்த்தாகிவிட்டது என்று சீட்டு வைத்தால்தான் கண்டிராக்டரின் பில் பாஸாகும். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் கண்டிராக்டர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே அந்தச் சீட்டில் கையெழுத்தை வாங்கி எங்கள் ஆபீசில் கொடுத்துவிடுவார்கள். போடாதவனுக்கு ஆர்டர் கிடையாது. அதனால் மணல்காரன், மரக்காரன், சுண்ணாம்புக்காரன் எல்லோரும் வாங்காத பணத்தை வாங்கியதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு காத்திருப்பார்கள். தேதி மட்டும் காலியாக இருக்கும். பில் வருகிற அன்று அந்தத் தேதியை நிரப்புவது யார் தெரியுமா? நான்தான்.

மார்ச்சில் கல் முழுதும் போய் இறங்கியது. ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஏப்ரல் கடைசியில் தங்கம் ஆபீசுக்கு வந்தாள்.

"பரமசிவம் தம்பி, அந்த ராஜமாணிக்கத்தோட பில்லு எப்பதான் பாஸாகும்? மெயின்லேண்ட்லேருந்து பைசா வரலேங்கிறான். ஆறாந்தேதி கல்கத்தா ஜஹாஜ். மங்ரா தினம் என் மூஞ்சியப் பாக்கிறான்."

மங்ரா அந்த ஆறு பேருக்கும் மூத்தவன். நான் சொன்னேன்: "அக்கா, பில் பாஸாகிப் பன்னண்டு நாளாச்சு. பணத்த வாங்கிட்டுப் போயிட்டாரு."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ஒரு பேப்பர் குடு. புகார் எழுதணும்" என்றாள்.

மே இரண்டாம் தேதி விசாரணை. எஞ்சினீயர் ஜெகநாதன் மதராஸிலிருந்து புதிதாக வந்தவர். ராஜமாணிக்கம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். எஞ்சினீயர் சீட்டை எடுத்துக் காட்டினார்.

"இது உன் கையெழுத்துதானேம்மா?"

"என்னுதுதான் சார். ஆனா பைசா கண்ணால பாக்கல."

"வாங்காத பணத்த வாங்கினேன்னு எழுதிக் குடுத்தியா?"

"எழுதினது இவன், கையெழுத்துப் போட்டது நான். போட்டாத்தான் ஆர்டருன்னான். இந்த ஊர்ல அத்தன பேரும் அப்படித்தான் போடறாங்க. அது பொய்யின்னா நானும் பொய் சொன்னவதான். அதையும் எழுதிக்குங்க."

ராஜமாணிக்கம் சிரித்தான். "பாத்தீங்களா சார், அவளே ஒத்துக்கிட்டா. கைதி வம்சம். இவ பேச்சுக்கு ஒரு விசாரணையா?"

அந்தச் சிரிப்புதான் என்னை எழுப்பிவிட்டது. "சார், ஏப்ரல் பதினாறுன்னு தேதி போட்டிருக்கே, அது என் எழுத்து. சீட்டு ஜனவரியிலேயே வந்துடுச்சு. அப்ப இந்தம்மா சூளைய மூட்டக்கூட இல்ல. சுடாத கல்லுக்கு யாரு சார் பணம் குடுப்பாங்க?" என்றேன்.

ராஜமாணிக்கம் காலைக் கீழே இறக்கினான்.

புதன்கிழமை உத்தரவு வந்தது. ராஜமாணிக்கத்தின் லைசென்ஸ் இரண்டு வருஷத்துக்கு ரத்து. அவன் கட்டியிருந்த டெபாசிட் பறிமுதல். அந்தச் சீட்டு பொய், செல்லாது. பொய்ச் சீட்டுக்குத் துணைபோன தங்கம் ஒரு வருஷம் சர்க்கார் வேலைக்குக் கல் கொடுக்கக் கூடாது. எனக்கு ஒரு மெமோ. நான் வாசித்து முடித்ததும் தங்கம் கேட்டாள்: "டெபாசிட் பைசா எனக்கா?"

"இல்லக்கா. சர்க்காருக்கு."

"அட சண்டாளங்களா!" என்று வெடித்தாள். "அவன் லைசென்ஸ வெச்சு நான் என்ன சூளை எரிக்கவா? வயிறு காயுறது எங்களுக்கு, பைசா சர்க்காருக்கா?"

எனக்கும் வயிறெரிந்தது. தண்டனை என்று நாலு பக்கம் டைப் அடித்தவர்களுக்கு, அந்த ஆறு பேரின் கூலியைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. தங்கம் உத்தரவின் நகலை மட்டும் வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் ஒரே கூட்டம் என்று கேள்விப்பட்டு ஓடினேன். அங்கே ராஜமாணிக்கம் தனக்குச் சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்தான். லம்பா லைன் கணக்கில் வந்த கல்லில் நாலு லாரி இங்கே இறங்கியது மங்ராவுக்குத் தெரியும், இறக்கியவனே அவன்தான். சிமெண்ட் கிடைக்காத காலம், சுற்றுச்சுவரைச் சேறு வைத்துத்தான் எழுப்பியிருந்தான். தங்கமும் ஆறு பேரும் அந்தச் சுவரைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்லைக்கூட உடைக்கவில்லை. ஒவ்வொன்றாக உருவி, சேற்றைத் தட்டிவிட்டு, சூளையில் அடுக்குகிற மாதிரி அடுக்கினார்கள்.

ராஜமாணிக்கம் ஒரு போலீஸ்காரனோடு வந்தான். "திருட்டு! பட்டப்பகல்ல திருட்டு!" என்று கத்தினான்.

"கல்லு என்னுது. காசு குடுத்திருந்தா ரசீதக் காட்டு, கைய எடுத்துடறேன்" என்றாள் தங்கம்.

"உன் சீட்டு ஆபீஸ்ல இருக்குடி!"

தங்கம் உத்தரவை எடுத்து நீட்டினாள். போலீஸ்காரன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "சீட்டு செல்லாதுன்னு எஞ்சினீயர் சாப் எழுதியிருக்காரே. வேற ரசீது இருக்கா?" என்றான். ராஜமாணிக்கம் சுற்றிலும் பார்த்தான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் அடுத்து வீட்டுச் சுவரைத் தொடுவதற்குள் ராஜமாணிக்கம் உள்ளே போய் ஆயிரத்து நூறு ரூபாயோடு வந்தான். இவ்வளவு வைத்துக்கொண்டா இத்தனை நாள் அலையவிட்டான், பாவி! மிச்சத்துக்கு ஈடாகப் பிரித்த கல்லையே தங்கம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை ஆறு பேரும் முழுக் கூலியையும் வாங்கிக்கொண்டு கப்பலேறினார்கள். "மாய்ஜி, அக்லே சால்?" என்று மேலிருந்து மங்ரா கேட்டான். அடுத்த வருஷம் வரலாமா என்று கேட்கிறான். கல் கொடுக்கக் கூடாது என்ற தடையை அவள் அவனிடம் சொல்லவே இல்லை. "ஆனா, ஆனா. ஜரூர் ஆனா", வா, கட்டாயம் வா என்று கையை ஆட்டினாள்.

கப்பல் நகர்ந்ததும் நான் கொஞ்சம் பெருமையோடு அவள் பக்கத்தில் போய் நின்றேன். எனக்காக நீ எழுந்து பேசினாய் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்ற எதிர்பார்ப்புதான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த ஆபீஸ்ல நீ எத்தன வருஷமா இருக்க?"

"எட்டு வருஷம்க்கா."

"எட்டு வருஷத்துல எத்தன சீட்டுக்குத் தேதி போட்ட?"

நான் கப்பல் போன பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அத்தன பேருக்கும் அவங்கவங்க பைசா கெடச்சுதா?" என்று கேட்டாள். தங்கம் காக்கிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, என்னைத் தாண்டி நடந்து போனாள்.