பிள்ளையாருக்குக் கீழே என் தங்கச்சி

இன்று சங்கரன்கோவில் அச்சகத்தில், பேத்தியின் கல்யாணப் பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் காட்டினார்கள்.

போன வருடம்தான் வாசிக்கக் கற்றேன். எழுத்துக் கூட்டிக் கடைசி வரை வாசித்தேன். என் தங்கச்சி பெயரைக் காணவில்லை.

“அங்கனதான் இருக்கு தாத்தா. பிள்ளையார் படம் மேல் லேயர்ல இருக்கு. பேரு கீழ் லேயர்ல மறைஞ்சிட்டு,” என்றாள் டிசைன் செய்யும் பெண்.

“பிள்ளையார் பொறுத்துக்கிடுவாரு. பேரு இல்லைன்னா என் தங்கச்சி பந்தல்ல கால் வைக்க மாட்டா. அவளை மேல ஏத்து தாயி.”

ஏற்றினாள். பெயர் பிள்ளையாரின் தொந்தியில் போய் உட்கார்ந்தது.

“சாமி மேலயே ஏறிட்டாவளே!” என்று சிரித்தவள், படத்தின் கட்டத்தைச் சிறிதாக்கினாள். இருவருக்கும் இடம் கிடைத்தது.

என் மகன் நேற்றே பார்த்துச் ‘சரி’ சொல்லிவிட்ட பக்கம் அது.

உங்கள் வீட்டுப் பத்திரிகை அச்சுக்குப் போகிறதென்றால் சொல்லுங்கள். மெதுவாகத்தான் வாசிப்பேன். ஆனால் ஒருவரையும் விட்டுவிட மாட்டேன்.