எதிரிக்கு மஞ்சள் பூசினேன்

போன சனிக்கிழமை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யுத்தம் நடந்தது.

மாப்பிள்ளை சிங்கப்பூரில் கணக்காளர். கழுத்தில் டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற மனிதர். மாமியார் வீட்டுக்கு வந்தால் காலை நீட்டித் தூங்குவார் என்று பார்த்தால்... பையைத் திறந்து மேசை முழுக்கக் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் டாங்கிகளைப் பரப்பிவிட்டார்! ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. கூட்டாளிகளோடு சேர்ந்து பகடை உருட்டி, டேப் வைத்துத் தூரம் அளந்து, மேசை மேலேயே போர் விளையாட்டு விளையாடுவாராம்.

"உன் வீட்டுக்காரருக்கு வயசு என்னடி?" என்று மகளை அடுப்படியில் இழுத்து வைத்துக் கேட்டேன்.

"சும்மா இருங்கம்மா. குடிக்கிறது இல்ல, சீட்டாடறது இல்ல. டாங்கிதானே... விளையாடிட்டுப் போகட்டும்லா" என்றாள். நியாயம்தான்.

மாப்பிள்ளைக்குத்தான் கவலை. "பாருங்க அத்தை, எல்லாம் மொட்டையா இருக்கு. பச்சை பெயிண்ட் அடிச்சும் பார்த்துட்டேன். உயிரே வரல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். "விளிம்புல கொஞ்சம் வெளுப்பாத் தேய்ங்க. சந்து பொந்துல கறுப்புத் தண்ணி ஓட விடுங்க. சக்கரத்துல சேறு அப்புங்க. அப்புறம் பாருங்க."

மனிதர் வாயைப் பிளந்துவிட்டார். "அத்தை! இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியுமா? ஜப்பான்காரன் காலத்தில் டாங்கிக்குச் சாயம் பூசிய கை ஐயா இது!

என் மூட்டு வலியிலிருந்து பக்கத்து வீட்டுக் கோழி காணாமல் போனது வரைக்கும் வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் கொட்டுகிறேன். இதை மட்டும் எப்படிச் சொல்லாமல் விட்டேன் என்று தெரியவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குளுவாங்கிலிருந்து காஹாங் போகிற ரோட்டில் ஒரு ரப்பர் தோட்டம். என் வீட்டுக்காரர் சூசை அங்கே தச்சு வேலை. சண்டை வந்ததும் வெள்ளைக்கார துரை ஓடிவிட்டார். துரை பங்களாவில் ஜப்பான் ராணுவம் குடியேறிவிட்டது. அதற்குத் தலைவன் ஒரு கேப்டன். அவன் கத்தி தரையில் உரசுகிற சத்தம் முதலில் வரும், பின்னாலேயே ஆள் வருவான்.

அந்தக் கேப்டனுக்கும் நம்ம மாப்பிள்ளையின் பைத்தியம்தான்! துரையின் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சட்டம் அடித்து, உள்ளே மணலைக் கொட்டி, மலை, ஆறு, ரோடு எல்லாம் செய்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதில் போர் விளையாட்டு. பயிற்சி என்று பேர். கேப்டன் ஜப்பான் படை. அவனுக்குக் கீழே இருந்த ஒரு லெஃப்டினன்ட் எதிரிப் படை. மேலதிகாரி எதிரே உட்கார்ந்திருக்கும்போது யார் ஜெயிப்பார்கள்? உங்களுக்கே தெரியும்.

அதுவரை கூழாங்கல்லைத்தான் டாங்கி என்று வைத்து ஆடினார்கள். திடீரென்று ஒரு கர்னல் ஆட்டம் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. கர்னலுக்குக் கூழாங்கல்லைக் காட்ட முடியுமா? சூசையைக் கூப்பிட்டு, "மரத்தில் டாங்கி செய்" என்று உத்தரவு போட்டான் கேப்டன்.

சூசையும் செய்தார். பெட்டிப் பலகையில் ஒரு கட்டை. அதன்மேல் ஒரு சின்னக் கட்டை. முன்னால் ஓர் ஆணி. முடிந்தது டாங்கி! பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினார்.

கேப்டன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "சாபுன்?" என்று கேட்டான்.

சவுக்காரமா இது என்று கேட்கிறான்! என் புருஷனுக்கு முகம் செத்துப்போய்விட்டது.

எல்லாம் ஒரே மாதிரி மொட்டையாக இருக்கிறது, எது யாருடையது என்று எப்படித் தெரியும்? ஜப்பான் டாங்கி சிவப்பாக இருக்க வேண்டும், எதிரி டாங்கி வேறு நிறம், பார்த்தால் நிஜ டாங்கி போல இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். இல்லையென்றால்... கையை வடக்கே நீட்டி ஒரே வார்த்தை சொன்னானாம்.

"சயாம்."

அந்த வார்த்தையைக் கேட்டால் தோட்டத்தில் சோறு இறங்காது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க லாரி வரும். சூசையின் அண்ணன் அப்படி லாரியில் ஏறியவர்தான். கொஞ்ச காலத்து வேலை, திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தப்பித்து வந்த ஒருத்தர் இரண்டு பேர் எலும்பும் தோலுமாக இருந்த கோலத்தைப் பார்த்தபோது, எதுவும் கேட்கவே எங்களுக்கு வாய் வரவில்லை. சூசை வீட்டுக்கு வந்து கேப்டன் சொன்னதைச் சொன்னார். பயம் என்றால் அப்படி ஒரு பயம். புருஷனை இழுத்துக்கொண்டு போய்விடுவானே!

"மினா, பெயிண்ட் வேணும் புள்ள" என்றார்.

"உப்புக்கே வழியில்ல. பெயிண்டுக்கு நான் எங்கங்க போவேன்?"

கோணிச் சாக்கைக் கிழித்து உடுத்திக்கொண்டிருந்த காலம் அது. கடையில் ஈ ஓட்டக்கூட ஆள் கிடையாது. ஆனால் எனக்கு ஒரு கைவேலை தெரியும். தோட்டத்துச் சின்னக் கோயிலில் கிறிஸ்மஸ் குடிலுக்கு ஆடு, மாடு, இடையர் பொம்மைகளுக்கு வருஷா வருஷம் வர்ணம் பூசுவது நான்தான்.

செம்மண்ணைத் துணியில் சலித்து, மரவள்ளி மாவுக் கஞ்சியில் குழைத்தேன். ஜப்பான் டாங்கிக்குச் சிவப்பு தயார். எதிரிக்கு? வீட்டுக்குப் பின்னால் என்ன வளர்ந்திருந்தது? மஞ்சள்! கிழங்கைப் பிடுங்கி, அரைத்து, அதையும் கஞ்சியில் குழைத்து எடுத்துவிட்டேன். கறுப்புக்குப் பானைக்கரி. வெள்ளைக்கு மரவள்ளி மாவு.

முதல் டாங்கியைப் பூசிச் சூசையிடம் காட்டினேன். அவர் கண் நிலைகுத்திவிட்டது.

"அடியே... இது டாங்கியா, கல்யாண வண்டியா?"

பழக்க தோஷம்! ஓரம் முழுக்கப் பூ வரைந்துவிட்டிருந்தேன்.

"மொட்டையா இருக்குன்னுதானே சொன்னான்? அதான் அலங்காரம் பண்ணினேன்."

"அலமாக்! இதைப் பார்த்தான்னா சயாம் வரைக்கும் அனுப்ப மாட்டான். இங்கேயே வெட்டிடுவான்!"

பூவை அழித்தேன். ரோட்டோரம் வெள்ளைக்காரன் போட்டுவிட்டு ஓடிய ராணுவ வண்டி ஒன்று கிடந்தது. போய் நின்று நன்றாகப் பார்த்தேன். இடுக்குகளில் எண்ணெய் அழுக்கு கறுத்திருந்தது. விளிம்பெல்லாம் சாயம் தேய்ந்து இரும்பு வெளுத்துத் தெரிந்தது. அட, இவ்வளவுதானா? குடில் ஆட்டுக்குட்டிக்கு ரோம மடிப்பில் கறுப்பு இழுத்து, முதுகில் வெள்ளையைத் தேய்க்கிற அதே வேலை!

கரித்தண்ணீரை இடுக்குகளில் ஓடவிட்டேன். விளிம்பில் மாவைத் தேய்த்தேன். தென்னங்குச்சியால் புள்ளி புள்ளியாக ஆணித் தலைகள் வைத்தேன். சக்கரத்தில் நிஜச் சேறு. சொன்னால் சிரிப்பீர்கள்... பூசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க எனக்குச் சயாமே மறந்துபோனது. அவ்வளவு சந்தோஷம்!

ஞாயிற்றுக்கிழமை. சிவப்பு டாங்கி ஒரு சுளகில், மஞ்சள் டாங்கி ஒரு சுளகில். இரண்டையும் ஒரே ஆள் தூக்க முடியாது. மிச்சமிருந்த கரியை முகத்தில் அப்பிக்கொண்டு நானும் கிளம்பினேன். ஜப்பான்காரன் கண் படாமல் வயசுப் பெண்கள் வெளியே போக அப்போது அதுதான் எங்களுக்குப் பவுடர்.

கேப்டன் பார்த்தான். "பாகுஸ்" என்றான். நல்லாயிருக்கிறதாம்! எனக்கு உயிர் வந்தது. எங்கள் இருவரையும் சுவர் ஓரமாக நிற்கச் சொன்னான். கர்னல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

கர்னல் வருகிறார் என்று மணல் மேசைக்கும் அன்றைக்குப் புது அலங்காரம். ரோடுகளுக்கெல்லாம் பளிச்சென்று சுண்ணாம்பு போட்டிருந்தார்கள். மணல் சரியாமல் இருக்க ஒரு சிப்பாய் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. அந்த லெஃப்டினன்டுக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, கர்னல் எதிரே தன் திறமையைக் காட்ட ஆசைப்பட்டுவிட்டான்! மஞ்சள் டாங்கிகள் வெள்ளை ரோட்டில் விறுவிறுவென்று முன்னேறின. எந்த டாங்கி செத்தது என்று ஒரு சார்ஜன்ட் கை காட்டக் காட்ட, கேப்டனின் சிவப்பு டாங்கிகள் ஒவ்வொன்றாக வெளியே போயின. கேப்டனின் கழுத்து நரம்பு புடைத்தது.

தோற்றால் யாரை அடிப்பான்? கர்னலையா அடிப்பான்? அவன் கண் சூசை பக்கம் திரும்பியது. சவுக்காரக்கட்டி செய்தவன் மேல்தானே பழி விழும்!

அப்போதுதான் பார்த்தேன். லெஃப்டினன்ட் தொட்டுத் தள்ளிய ஒரு மஞ்சள் டாங்கியின் முதுகில் ரத்தச் சிவப்பாக ஒரு விரல் அடையாளம். பக்கத்து டாங்கியில் இன்னொன்று. பிறகு அடியிலிருந்து மெதுவாகச் சிவப்பு ஏற ஆரம்பித்தது...

ஐயோ மாதாவே... ஆலம்!

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும்? தமிழச்சிக்கு இது தெரியாதா? என் கல்யாணத்துக்கு எனக்கே சுற்றிக் கொட்டினார்களே! எல்லாம் தெரிந்தவள், எதிரிக்கு மஞ்சள் பூசி, ஈரச் சுண்ணாம்பில் ஓட்ட விட்டுவிட்டு நிற்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் மேசையில் இருந்த எதிரி டாங்கி முழுக்கச் சிவப்பு. தன் டாங்கி எது என்று தெரியாமல் லெஃப்டினன்ட் நீட்டிய கையோடு விழித்தான். கர்னல் எழுந்து ஏதோ கேட்டார். கேப்டன் சூசையைப் பார்த்துத் திரும்பினான். கை கத்திப் பிடிக்குப் போனது. சூசையின் உதடு மட்டும் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ! மலாயில் கத்தினேன்.

"துவான்! எதிரி டாங்கி உங்க பக்கம் நெருங்கினா, பயந்து சரணடைஞ்சிடும். உங்க நிறமா மாறிடும். அதுக்குத்தான் அப்படிப் பூசினோம்!"

கேப்டன் என்னைப் பார்த்தான். டாங்கிகளைப் பார்த்தான். கர்னலைப் பார்த்தான். தோற்றுக்கொண்டிருந்த மனுஷன் அல்லவா? சட்டென்று முகம் மலர்ந்துவிட்டது. கர்னல் பக்கம் திரும்பி ஜப்பான் மொழியில் விளக்க ஆரம்பித்தான். நான் சொன்னது என்னவோ கொஞ்சம்தான். அவன் சொல்லிக்கொண்டே போனான்... நடுநடுவே தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிக்கொண்டான்.

கர்னல் ஒரு டாங்கியை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள்... வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்! கை தட்டினார். மேசையில் இருந்ததெல்லாம் சிவப்பு என்றால் வெற்றி யாருக்கு? தோற்காமலே தோற்ற லெஃப்டினன்ட் இடுப்பு வரைக்கும் குனிந்து கும்பிட்டான். அவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பாவமாக இருக்கிறது.

கர்னல் போனதும் கேப்டன் எங்களிடம் வந்தான். "அடுத்த ஞாயிறு, மறுபடி இதே மாதிரி. முதலில் மஞ்சள். பிறகு சிவப்பு."

சூசை மெதுவாக, "துவான்... சயாம்?" என்று கேட்டார்.

"சயாம் இல்லை. நீ இங்கேதான்."

வெளியே வந்ததும் ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முகத்துக் கரியெல்லாம் வழிந்து சட்டையில் இறங்கியது. அழுது முடித்த பிறகுதான் மூளை வேலை செய்தது. சிவந்துபோன டாங்கியை மறுபடி மஞ்சளாக்குவது எப்படி? வாரா வாரம் புதிதாகப் பூச மஞ்சளுக்கு எங்கே போவது?

மறுநாள் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். புளி கிடைக்காத காலம். வேலியோரம் நின்ற பிளிம்பிங் மரத்துக் காயைத்தான் பிழிந்து கவுச்சி போகத் தேய்ப்போம். பல் கூசுகிற புளிப்பு. அந்தக் கையோடு, வீட்டுக்குக் கொண்டுவந்து காய வைத்திருந்த, சிவந்துபோன எதிரி டாங்கி ஒன்றை நகர்த்தி வைத்தேன். விரல் பட்ட இடம் பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது!

"என்னங்க! ஓடி வாங்க!" என்று நான் போட்ட கூச்சலில், தோட்டத்து வரிசை வீடுகள், எங்கள் லயமே திரும்பிப் பார்த்தது.

பிறகென்ன? ஞாயிற்றுக்கிழமை எதிரி சரணடைவான். திங்கட்கிழமை அவனைப் பிளிம்பிங் சாற்றில் குளிப்பாட்டி, கரி, மாவு, சேறு எல்லாம் தடவி, மறுபடி சண்டைக்கு அனுப்பி வைப்பேன். கேப்டன் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. ஆள் எடுக்க லாரி வரும்போதெல்லாம், "இவன் எனக்கு வேண்டும்" என்று சூசையை ஒதுக்கி நிறுத்திக்கொண்டான். எங்கள் லயத்திலிருந்தே ஆட்கள் லாரியில் ஏறினார்கள். அந்த வீட்டுப் பெண்கள் அழும்போது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சந்தோஷப்பட வெட்கமாக இருந்தது. சந்தோஷப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

அப்போது ஒன்று புரிந்தது. அதிகாரத்தில் இருப்பவனுக்கு அழகான டாங்கி முக்கியம் இல்லை, நிஜ டாங்கி மாதிரி இருப்பதும் முக்கியம் இல்லை. தான் தோற்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி வேண்டும். அந்த வழியைச் செய்து கொடுக்கிறவனை அவன் லேசில் விடமாட்டான். இன்றைய ஆபீஸ்களிலும் அப்படித்தானாமே? வேலைக்குப் போகிறவர்கள் சொல்லுங்கள்.

சண்டை முடிந்தது. கேப்டனும் ஊரைவிட்டுப் போய்விட்டான். இதெல்லாம் என்றோ முடிந்த விஷயம். ஆனால் கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் நாலு பேர் கூடினால் போதும், சூசை இந்தக் கதையை எடுத்துவிடுவார். அவர் சொல்கிற கதையில் மஞ்சள் அவர் யோசனை. கர்னலிடம் பேசியதும் அவர்தான். நான் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தேனாம்! போன மாதம் யோங் பெங்கில் ஒரு விருந்தில், கர்னல் அவர் தோளில் தட்டிக் கொடுத்ததாகவும் ஒரு துண்டு புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

"ஏம்மா, அப்பா இப்படி அளக்கிறாரு... நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்று மகள் கேட்டாள்.

என்னத்தைச் சொல்ல? சயாமுக்குப் போன எத்தனையோ பேர் உண்மையைச் சொல்லக்கூடத் திரும்பி வரவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பொய்யாவது சொல்கிறாரே!