வில், கோயிங் டு, ஒரு கத்திரி

தையல்காரன் வாயில் அதிகம் தேய்ந்த சொல் 'நாளைக்கு'. அந்த ஒரு சொல்லை வைத்தே விளாங்குடியில் முப்பது வருடம் கடை நடத்திவிட்டேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு அது போதுமானதாகவும் இருந்தது. ஆனால் போன வருடம் கே.கே. நகர்ப் பள்ளி ஒன்றின் யூனிஃபார்ம் ஆர்டர் என் கையைவிட்டுப் போனது. தட்டிக்கொண்டு போனவன் சேகர். என் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கக் கற்றவன்! பிரின்சிபால் ஆங்கிலத்தில் கேட்டார், அவன் ஆங்கிலத்தில் பொழிந்தான், நான் "எஸ் மேடம்" என்று நின்றேன். இந்த வருடம் அதைத் திரும்பப் பிடித்தே தீருவதென்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். நரைத்த பிறகு ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும் அன்பர்களே, என் பாட்டைக் கேளுங்கள்.

மூன்று நாளைகள்

வகுப்பு எடுத்தது பர்வீன் டீச்சர். நாளைக்குத் தருவேன் என்பதை ஆங்கிலத்தில் மூன்று விதமாகச் சொல்லலாமாம். அந்த நிமிடம் தோன்றியதைச் சொன்னால் வில். முன்பே முடிவெடுத்திருந்தால் கோயிங் டு. ஆளோடு பேசி நாளும் நேரமும் குறித்துவிட்டால் 'ஐ ஆம் கிவிங்'.

எனக்குத் தலை சுற்றியது. டீச்சரின் சுடிதார் துணி மூன்று வாரமாக என் கடை அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை வைத்தே விளக்கிவிட்டார், வகுப்பு முழுக்கச் சிரிக்க. "அண்ணே, என் துணி பையவிட்டு வெளியவே வரலைல்ல, அது வில். சாக்பீஸ்ல கோடு போட்டிருந்தா கோயிங் டு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்து வாங்கிக்கம்மான்னு சொல்லியிருந்தா கிவிங். நீங்க முப்பது வருசமா வில்லுலயே கடைய ஓட்டிட்டீக!"

பரவைக்காரர்

விடுவேனா! மறுநாள் காலை கடையைத் திறந்ததும் அலமாரியைக் காலி செய்தேன். இனி என் கடையில் வில் கிடையாது. இருந்த துணி அத்தனைக்கும் கோடு போட்டு, மதியத்துக்குள் வெட்டியும் முடித்தேன். எல்லாம் கோயிங் டு! கை வலித்தாலும் மனசு துள்ளியது.

மூன்று மணிக்குப் பரவையிலிருந்து ஒரு விவசாயி வந்தார். மகன் கல்யாணத்துக்குக் கோட் தைக்கத் துணி கொடுத்திருந்தவர். கல்யாணம் தள்ளிப் போகிறது, துணியைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். தனித்தனியாக வெட்டிக் கிடந்த கோட்டின் இரண்டு கைகளையும் எடுத்துக் காட்டினேன். வெட்டிய துணி வேறு கடைக்குப் போக முடியாது என்பது அவருக்கும் தெரியும். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஏண்ணே, பொண்ணு வீட்டுக்காரகளே நிதானமா யோசிக்கிறாக, நீங்க எதுக்கு இம்புட்டு வேகமா வெட்டுனீக?"

வீட்டுப் பாடம்

ஞாயிற்றுக்கிழமை மனைவி கறி வாங்கி வரச் சொன்னாள். பழகிப் பார்க்க நல்ல வாய்ப்பு! ஐ வில் கோ என்றேன். யோசித்து, ஐ ஆம் கோயிங் டு கோ என்று திருத்தினேன். மூன்றாவதற்கு வாயைத் திறந்தபோது பையைக் கையில் திணித்தாள். "நீங்க எத்தனை விதமா வேணாலும் போங்க, கறிக்கடைக்காரன் பதினோரு மணிக்கு ஒரே விதமா மூடிருவான்."

பிரின்சிபால் மேசை

யூனிஃபார்ம் ஆர்டர் பேசும் நாள் வந்தது. எனக்கு முன்பே சேகர் வந்து உட்கார்ந்திருந்தான், சென்ட் வாசனை வேறு. மாதிரிச் சட்டை எப்போது கிடைக்கும் என்று பிரின்சிபால் கேட்டார். மூச்சுவிடாமல் வில், வில், வில் என்று அடுக்கினான். அடுத்து என் முறை. மூன்றும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்து அங்கேயே சிக்கிக்கொண்டன!

மேசைமேல் பள்ளியின் புதுக் கட்டம்போட்ட யூனிஃபார்ம் துணி இருந்தது. வாய்தான் சிக்கியது, கை சும்மா இருக்குமா? விரித்தேன். பையிலிருந்து அளவு அட்டையை எடுத்து வைத்தேன், கோடு போட்டேன், கத்திரியை ஓட்டினேன். முன்பக்கம், முதுகு, கை! அப்புறம்தான் நாக்கு அவிழ்ந்தது: மண்டே டென் ஓ கிளாக், ஐ ஆம் கிவிங், மேடம்.

பிரின்சிபால் சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்தார். "துணியத்தான் வெட்டிட்டீங்களே, இனி வேற யாரு தைக்கிறது? திங்கட்கிழமை பத்து மணிக்குச் சட்டை இந்த மேசையில இருந்தா ஆர்டர் உங்களுக்கு."

பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே சட்டையை வைத்து ஆர்டரை வாங்கிவிட்டேன், ஆனால் சேகரை மன்னிப்பது மட்டும் இன்னும் வில்லிலேயே கிடக்கிறது.