ஜெசிந்தா டீச்சரின் பழுப்பு நிற பேஸ் கிடார்

செவ்வாய்க்கிழமை காலை ரீட்டா போன் செய்தாள். "அங்கிள், உக்காந்திருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். நான் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கேள்வியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க. நேத்து ராத்திரிகூட நல்லா சாப்பிட்டாங்க, என்னைத் திட்டினாங்க, படுத்தாங்க" என்றாள். ரீட்டா, ஜெசிந்தா டீச்சரின் ஒரே மகள்.

சாந்தோமில் டீச்சரிடம் தமிழ் படித்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அசை பிரிப்பதைக் கைதட்டிச் சொல்லிக்கொடுத்ததையும், ஒற்றுப்பிழைக்குப் பெஞ்சின் மேல் ஏற்றியதையும் அவர்கள் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அவர்களில் பலருக்குத் தெரியாத கதை. எழுபதுகளில் எங்கள் மெல்லிசைக் குழுவில் அவர் பேஸ் கிடார் வாசித்தார். அவருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து நான் டிரம்ஸ் வாசித்தேன். இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை, தாளம் போடக் கைதான் பரபரக்கிறது. டீச்சர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் குழுவை நடத்தியவன் வாசு. மயிலாப்பூரில் அவன் வீட்டுக் கார் ஷெட்டில்தான் ஒத்திகை. அவன் அக்கார்டியன், இன்னும் நான்கைந்து வாத்தியங்கள், இரண்டு பாடகர்கள், நான். மற்ற குழுக்களுக்கெல்லாம் பேஸ் கிடார் வந்துவிட்டது, எங்களுக்கு இல்லை. வாசு ஆள் தேடிக்கொண்டிருந்தான். சாந்தோம் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிற ஒரு டீச்சருக்கு நல்ல காது என்று யாரோ சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை குடையோடும் கஞ்சி போட்ட நூல் புடவையோடும் வந்து நின்றார். எங்கள் எல்லோருக்கும் அப்போது இருபத்தைந்து வயதுதான், அவருக்கும்.

"பேஸ் கிடார் தெரியுமோ உங்களுக்கு?" என்றான் வாசு.

"தொட்டதுகூட இல்ல. ஆனா ரேடியோவுல எந்தப் பாட்டு போட்டாலும் எனக்கு அதுதான் முதல்ல கேக்கும்."

வாசு நம்பாமல் ஓர் இசைத்தட்டைப் போட்டான். பாட்டு தொடங்கியது. டீச்சர் வாயைத் திறந்தார். பாட்டின் மெட்டை அவர் பாடவில்லை. அதற்கு அடியில், நாங்கள் யாரும் தனியாகக் கேட்டேயிராத ஒன்றை, "தும், தும், ததும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். சரணம் முழுவதும் ஒரு சுரம் தவறவில்லை. முடிந்ததும் வெட்கப்பட்டு, "வீட்டுல அம்மா திட்டுவாங்க. பாட்டைப் பாடுடின்னா தூணைப் பாடுறியேன்னு" என்றார். அன்றே சேர்த்துக்கொண்டோம்.

வாத்தியம் வேண்டுமே. சாந்தோமில் ஒரு குடும்பம் வெளிநாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவர்களிடம் இரண்டு பேஸ் கிடார்கள் விற்பனைக்கு இருந்தன. ஒன்று செக்கச்செவேலென்று, கீறல் இல்லாமல், வெயிலில் பளபளத்தது. மற்றது பழுப்பு. வார்னிஷ் உரிந்து, கழுத்து வில்போல வளைந்து, தந்திகள் பலகையைவிட்டு விரல் உயரத்துக்கு எழும்பி நின்றன. வாசு சிவப்பைக் கையில் எடுத்தவன் கீழே வைக்கவில்லை.

டீச்சர் ஆம்ப்ளிஃபயரில் இணைக்கவே இல்லை. கிடாரின் மேல்கொம்பில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு, கழுத்தின் குறுக்கே பதித்த கட்டைகளில் ஒவ்வொன்றாக விரலை வைத்து, ஒவ்வொரு சுரத்தையும் மீட்டி, அது தானாக அடங்கும்வரை காத்திருந்தார். எலும்பு வழியாகக் கேட்கிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. சிவப்புக் கிடாரில் மெல்லிய தந்தியில் பாதி தூரம் போனதும் நின்றார். அதே கட்டையை மறுபடி அழுத்தினார். மற்ற சுரங்கள் நின்று முழங்கின. இது மட்டும் தட்டியதும் பொத்தென்று விழுந்தது. இரண்டு பக்கத்துச் சுரங்களும் நன்றாக இருந்தன.

"இவரு பேச மாட்டேங்கிறாரு" என்றார்.

பழுப்பில் அந்த வளைந்த கழுத்தோடு போராடி எல்லாச் சுரங்களையும் எழுப்பினார். எல்லாம் உயிரோடு இருந்தன.

"வளைஞ்சதைப் போய் யாராவது வாங்கிண்டு வருவாளா? மேடையில செவப்பு எப்படி எடுப்பா இருக்கும்" என்றான் வாசு.

"வளைஞ்சதை நிமித்திடலாம் வாசு. செத்த சுரத்தை எழுப்ப முடியாது. உங்களுக்குச் செவப்பு வேணும்னா நான் செவப்புப் புடவை கட்டிட்டு வரேன்."

வாசு ஒத்துக்கொண்டான், ஒரு நிபந்தனையோடு. தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பில் வாசிக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு நம்மைப் பிடித்துவிட்டால் அவர்கள் உறவு வட்டம் முழுக்க நமக்குத்தான். "அதுக்குள்ள இது ஒழுங்காப் பேசலேன்னா பேஸ் இல்லாமதான் மேடையேறுவோம்" என்றான்.

அடுத்து வந்த வாரங்களின் மாலைகளைப் போல நான் எதையும் ஆவலோடு எதிர்பார்த்ததில்லை. ஆபீஸ் விட்டதும் சைக்கிளை நேரே டீச்சர் வீட்டுக்கு விடுவேன். கிடாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. தலைப்பக்கம் ஒரு சின்ன மூடிக்கு அடியில் அதன் திருகு இருக்கிறது. அதை முறுக்கினால் கழுத்து நிமிரும். அதற்குப் பொருந்தும் திருகுச்சாவிதான் எங்களிடம் இல்லை. பட்டினப்பாக்கம் போகும் வழியில் சைக்கிள் கடை வைத்திருந்த நைனாவிடம் போனோம். அவர் கிடாரைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், கழுத்து இப்டி வளைஞ்சிகினு கீது. முறுக்கினா ஒடிஞ்சிடப் போவுது."

"ஒரேயடியா முறுக்கினா ஒடியும். கால் சுத்துதான் முறுக்கப் போறேன்."

அவர் பெட்டியிலிருந்த சாவிகளில் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. டீச்சர் தந்திகளைத் தளர்த்திவிட்டுக் கால் சுற்று முறுக்கினார். மரம் மெல்ல முனகியது. "இன்னிக்கு இது போதும். மரம் யோசிக்கட்டும்" என்று எழுந்துவிட்டார். மறுநாள் இன்னொரு கால் சுற்று. அப்படியே தினமும். கிடாரைத் துப்பாக்கிபோல ஏந்தி, ஒற்றைக் கண்ணை மூடி, கழுத்தின் நெடுகப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். ஒருநாள் இருவருக்கும் ஒரே நேர்கோடு தெரிந்தது.

தந்திகள் பழசாகி மண் ஒலி தந்தன. புதுசு கிடைக்கவில்லை. கழற்றி, சோடா உப்புப் போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்தார். அவருடைய அம்மா வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "மத்தியானத்துக்கு இதுதான் கொழம்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார். துடைத்து மாட்டியதும் தந்திகள் கணீரென்று ஒலித்தன. கட்டைகளில் உரசி அவை இரைந்த இடங்களில், அடிப்பக்கத் திருகுகளைத் துளித்துளியாக உயர்த்தினார். பிறகு சுருதி. அடுத்தடுத்த இரண்டு தந்திகளில் விரலை அழுத்தாமல் தொட்டு, மணிபோன்ற இரண்டு ஒலிகளைச் சேர்த்து எழுப்பினார். சேராதபோது நடுவில் ஒரு நடுக்கம் வந்தது. "அலை கேக்குதா?" என்றார். கேட்டது. முறுக்காணியைத் திருப்பத் திருப்ப அலை மெதுவானது, இன்னும் மெதுவானது, நின்றது. இரண்டு ஒலிகளும் ஒன்றாகிக் கூடத்தில் நிலைத்தன. தாளம் மட்டுமே அறிந்த எனக்கு அன்று சுருதி என்றால் என்னவென்று உடம்பில் தெரிந்தது.

ஒத்திகையில் முதலில் எங்கள் இருவருக்கும்தான் சண்டை. என் பெரிய டிரம்மின் அதிர்வும் அவருடைய கனத்த தந்தியும் ஒன்றையொன்று விழுங்கின. "ரெண்டு பேரும் ஒரே நாற்காலில உக்காந்திருக்கோம் சுந்தரம். ஒருத்தர் நகரணும்" என்றார். நான் முறைத்தேன். அவர் குளிக்கிற ஸ்பாஞ்சை ஒரு துண்டு வெட்டித் தந்திகளுக்கு அடியில் செருகித் தன் முழக்கத்தை முதலில் குறைத்தார். மறுநாள் நான் டிரம்முக்குள் ஒரு பழைய போர்வையைத் திணித்துக்கொண்டு போனேன். "இப்ப நீங்க கதவைத் தட்டுங்க, நான் திறக்கிறேன்" என்றார். என் அடி விழுந்த இடத்தில் அவர் சுரம் பிறந்தது. ஷெட்டில் இருந்த எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் எல்லாம் தலைகீழானது. வெறும் மண்டபத்தில் சோதித்தபோது, ஷெட்டில் அத்தனை இனிமையாக இருந்த ஒலி சாணிபோலக் குழைந்தது. குறிப்பிட்ட ஒரு சுரத்துக்கு ஜன்னல் கண்ணாடியெல்லாம் உதறியது. விருந்தினர் வரத் தொடங்கிவிட்டார்கள். வாசுவின் முகம் வெளிறியது.

"போறும் டீச்சர். அணைச்சுடுங்கோ. பேஸ் வேண்டாம்."

டீச்சர் கிடாரைக் கழற்றி என் தோளில் மாட்டினார். "இந்த ஒரு தந்தியை மட்டும் மீட்டிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு மண்டபத்தின் கடைக்கோடிக்கு, பந்தி நடக்கும் கதவுவரை நடந்தார். ஸ்பீக்கரை நகர்த்தச் சொல்லி அங்கிருந்தே கையசைத்தார். மைக் செட் பையன்கள் பெட்டியைச் சுவர் மூலையிலிருந்து முன்னால் இழுத்து இரண்டு பெஞ்சுகளின் மேல் ஏற்றினார்கள். கண்ணாடிகளின் உதறல் பாதியாகக் குறைந்தது. திரும்பி வந்து, இத்தனை நாள் தானே குறைத்து வைத்திருந்த டோன் குமிழைத் திருகிக் கூர்மையை ஏற்றி, கனத்தைக் குறைத்தார். இப்போது தந்தி கடகடவென்று ஒலித்தது.

"தகர டப்பா மாதிரின்னா இருக்கு" என்றான் வாசு.

"தனியா கேக்காதீங்க வாசு. எல்லாரோடயும் சேத்துக் கேளுங்க."

மறுத்துச் சொல்ல நேரமில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வந்துவிட்டார்கள். முதல் பாட்டைத் தொடங்கினோம். அந்தத் தகர டப்பா, அக்கார்டியனுக்கும் என் டிரம்முக்கும் இடையே போய் உட்கார்ந்ததும் உருண்டு திரண்டு நின்றது. ஒவ்வொரு சுரமும் தெளிவாக நெஞ்சில் தட்டியது. முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து ஆடின. மணப்பெண் திடீரென்று மாலையை மீறி எட்டிப்பார்த்து மாப்பிள்ளையிடம், "எங்க தமிழ் மிஸ்ஸுங்க அது" என்று சொன்னது எனக்கே கேட்டது. டீச்சர் நெற்றியைச் சுளித்தார், விரல் மட்டும் தவறவில்லை.

நான்காவது பாட்டில் மின்சாரம் ஒரு துள்ளுத் துள்ளியது. விளக்குகள் பளீரென்று எரிந்து தணிந்தன. பேஸின் ஆம்ப்ளிஃபயரில் ஃபியூஸ் போய்விட்டது. மற்றவையெல்லாம் ஓடின. வாசு கேட்டபடியே பேஸ் இல்லாத பாட்டு. அவனே முதலில் திரும்பினான். படிக்கட்டில் ஒரு படி தவறியவன் முகம் அது. பாடகர் தடுமாறினார். குழந்தைகள் நின்றுவிட்டன. முன்வரிசையில் அதுவரை சலனமில்லாமல் அமர்ந்திருந்த ஜவுளிக்கடைப் பெரியவர் மேடையருகே வந்து, "தம்பி, அடியில ஒண்ணு உறுமிக்கிட்டே வந்துச்சே, அதை ஏன் நிறுத்திட்டிய?" என்றார்.

டீச்சர் ஒலியே இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார். வாசு தன் சிகரெட் டப்பாவை என் மேல் வீசினான். ஒரு கையால் தாளத்தைப் பிடித்துக்கொண்டே அதிலிருந்த வெள்ளித்தாளை உருவிக் கொடுத்தேன். எங்கள் புல்லாங்குழல்காரர் அதை ஃபியூஸில் சுற்றிச் செருகினார். சரணம் முடிந்து பல்லவி திரும்பும் இடத்தில் பேஸ் முழங்கிக்கொண்டு உள்ளே வந்தது. மண்டபம் முழுவதும் ஓவென்று ஒரு சத்தம் எழுந்தது. என்ன வந்தது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. வந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. வாசு அக்கார்டியனை இழுத்தபடியே டீச்சரைப் பார்த்துத் தலை குனிந்தான். டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு எத்தனையோ மேடைகள். அடையாறு, கோபாலபுரம், வெளியூர்கள். டீச்சருக்குக் கல்யாணம் ஆனது, ரீட்டா பிறந்தாள். ரீட்டாவைத் தூங்கவைக்க எங்கள் ஒத்திகையே போதுமானதாக இருந்தது. வாசு வளைகுடாவுக்குப் போனபோது குழு கலைந்தது. டீச்சர் கோயிலில் தொடர்ந்து வாசித்தார்.

வியாழக்கிழமை அடக்கம் முடிந்து, சாந்தோமிலிருந்து நங்கநல்லூருக்கு ஆட்டோவில் திரும்பினேன். ஓட்டிய இளைஞர் ஏதோ புதுப் பாட்டு ஒன்றைப் போட்டிருந்தார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னேன்.

"இன்னா சார், இந்த வயசுல இந்தப் பாட்டு புட்ச்சிருக்கா?"

"பாட்டு இருக்கட்டும்பா. அதுக்கு அடியில ஒருத்தர் நடந்துக்கிட்டே இருக்காரு பாரு, தும் தும்னு. அவரைக் கேளு."

சிக்னலில் வண்டி நின்றது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தும் நகரவில்லை.

"ஆமா சார், கீது" என்றார். "நூறு வாட்டி கேட்டுக்கீறேன் இந்தப் பாட்ட. இது கூடவே வந்துகினு இருந்திருக்கு."

ஜெசிந்தா டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான்: எந்தப் பாட்டையும் கீழிருந்து கேட்கும் காது. வீடு வரும்வரை ஆட்டோக்காரர் அதே பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தார்.