பெயரை மறைத்த ஜலஜா அத்தை

என் அத்தை ஜலஜாவுக்குப் படம் வரையத் தெரியாது. கோலம்கூடச் சுமாராகத்தான் வரும். ஆனால் கல்கத்தாவில் படம் வரைகிறவர்கள் பலருக்கு அவளைத் தெரியும். சௌரங்கிப் பக்கம் இருந்த ஒரு கலைச் சங்கத்தில் பத்தொன்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தாள். பவானிபூரில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் டிராமில் போவாள். அங்கே எல்லோருக்கும் அவள் ‘ஜலஜாதி’. வங்காளிகள் அக்காவைப் பெயரோடு ஒட்டிச் சொல்வது அப்படித்தான்.

சங்கம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு கண்காட்சி நடத்தும். யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம். மூன்று நடுவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். 1973இல் டாலிகஞ்ச் ஸ்டூடியோக்களில் கொடிகட்டிப் பறந்த ஒரு கதாநாயகர் தான் வரைந்த பதினோரு படங்களை அனுப்பினார். நடுவர்கள் பெயரைப் பார்த்தார்கள். பதினொன்றும் பெரிய ஹாலில் ஏறின. இடம் போதாமல் மற்றவர்களின் படங்கள் தாழ்வாரத்துக்கும் மாடிப்படிக்கும் போயின. பத்திரிகைக்காரர்கள் ஹாலோடு திரும்பிவிட்டார்கள்.

வேலாயுதம் என்பவரின் படமும் அந்த மாடிப்படிக்குப் போனவற்றில் ஒன்று. அவர் சாந்த்ராகாச்சி யார்டில் ரயில் பெட்டி பழுதுபார்க்கும் ஃபிட்டர். மனைவி நாகம்மாவோடு லோக்கல் ரயிலில் வந்தவர், ஹாலை இரண்டு முறை சுற்றிவிட்டு அத்தையின் மேஜை முன்னால் நின்றார். அத்தை தமிழ் என்று தெரிந்ததும் நாகம்மாதான் கேட்டாள்.

“இவரு படம் எங்கம்மா மாட்டியிருக்காங்க? தேடித் தேடிப் பார்த்துட்டோம்.”

அத்தை அழைத்துப்போய்க் காட்டினாள். படி திரும்பும் இடத்தில், விளக்கில்லாத சுவரில் இருந்தது. நாகம்மா சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள்.

“மாட்டினாங்களே, அதுவே பெரிசு” என்றார் வேலாயுதம்.

அவர் குறைப்பட்டுக்கொண்டிருந்தால் அத்தை ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பாள். இந்தப் பேச்சைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த வருஷம் இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் வந்தன. அவற்றில் ஆறு அந்த நடிகருடையவை. அத்தை செயலாளரிடம் போய் நின்றாள்.

“இந்தத் தடவை நடுவர்களுக்குப் பேர் லிஸ்ட் வேண்டாம் சார். நம்பர் மட்டும் டைப் பண்ணித் தரேன். கையெழுத்து இருக்கிற மூலையைக் காகிதம் போட்டு மறைச்சுடறேன். தகுதி ஒண்ணுதான் கணக்குன்னு நம்ம விதியிலேயே இருக்கே.”

“ஜலஜாதி, அப்புறம் அவர் படத்தைத் தள்ளிட்டா?”

“தள்ளிடுவான்னு நீங்களே பயப்படறேளா?”

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சரி என்றார்.

நான்கு நாள் அத்தை பழுப்புக் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டினாள். வண்ணத்தில் பசை படக்கூடாது என்று சட்டத்தில் மட்டும் ஒட்டினாள். வீட்டில் அப்பா எரிச்சல்பட்டார்.

“பெரிய மனுஷா விவகாரம். உனக்கு எதுக்கு இது? வேலை போயிடும்.”

“நான் யார் படத்தையும் கிழிக்கலை அண்ணா. பேரைக் கொஞ்ச நேரம் மூடி வெச்சிருக்கேன். அவ்வளவுதான்.”

தேர்வு முடிந்ததும் காகிதங்களைப் பிரித்தார்கள். நடிகரின் ஐந்து பெரிய எண்ணெய் ஓவியங்கள் தள்ளுபடியாகியிருந்தன. சுவரில் சாய்ந்து தூங்கும் மேக்கப்காரரைப் பென்சிலில் வரைந்த சின்னப் படம் மட்டும் தேறியிருந்தது. வேலாயுதம் வரைந்த, மழையில் நிற்கும் கூட்ஸ் வண்டிக்கு மூன்று நடுவர்களும் ஓட்டுப் போட்டிருந்தார்கள். அது பெரிய ஹாலில், வாசலுக்கு நேர் எதிரே ஏறியது.

இரண்டு நாள் கழித்து நடிகரே போன் செய்தார். செயலாளர் அறையில் இல்லை. அத்தைதான் எடுத்தாள்.

“என் அஞ்சு படம் திரும்பி வந்திருக்கு. யாருடையதுன்னு தெரிஞ்சுதான் அனுப்பினாங்களா?”

“தெரியாது சார். உங்க பேரை மறைச்சு வெச்சிருந்தோம். எல்லாருடையதையும்தான். ஒட்டினது நான்.”



“அப்போ அந்த ஒண்ணை எடுத்தது?”

“அதையும் பேர் தெரியாமத்தான் எடுத்தா.”

அவர் போனை வைத்துவிட்டார். கண்காட்சிக்கு வரவில்லை, பென்சில் படத்தைத் திரும்பக் கேட்கவும் இல்லை. மறு வருஷம் காகிதம் ஒட்டுவார்கள் என்று தெரிந்தே நான்கு படங்கள் அனுப்பினார். இரண்டு தேறின.

நடிகர் ஹாலை நிறைக்காததால் கூட்டம் குறைந்தது உண்மை. சங்கத் தலைவர் பழையபடி பெயர்ப் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். நடுவர்களே மறுத்துவிட்டார்கள். காகிதம் இல்லாவிட்டால் வர மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை டைப் செய்ததும் அத்தைதான்.

எனக்கு அப்போது காலேஜ் வயசு. சினிமாக்காரர்களைச் சேர்க்கவே கூடாது என்று வாதாடினேன்.

“அது எப்படி? அந்த மேக்கப்காரர் படம் எவ்வளவு நன்னா இருந்தது தெரியுமா?” என்றாள் அத்தை. “அவர் வரையட்டும். அனுப்பட்டும். வரிசையிலே நிக்கட்டும்.”

1979இல் நகரத்தின் இன்னொரு சங்கம் இந்த முறையை விளக்க அவளை அழைத்தது. பத்து நிமிஷம் வங்காள மொழியில் பேசினாள். எந்தக் காகிதம், எவ்வளவு பசை, பட்டியலை எந்த அலமாரியில் பூட்டுவது என்பதையெல்லாம் விடாமல் சொன்னாள். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலிக்காரரிடம், அவர் கேட்காமலே, “என் தங்கை” என்று சொன்னார்.