டாக்டர் அமலோற்பவமும் பச்சை அட்டையும்

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் வண்டியின் கண்டக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "சார், ஒங்களுக்கு விஷயம் தெரியாதா? நம்ம அமலோற்பவம் டாக்டரம்மா இன்னைக்கு வெள்ளனே போயிட்டாங்க. மேல பாதிக் கடை அடைச்சுக் கெடக்கு." நான் அய்யம்பாளையம் போவதற்காக நின்றிருந்தேன். அந்தப் பயணத்தை விட்டுவிட்டு அவர் வண்டியிலேயே ஏறினேன்.

கல்லறைத் தோட்டத்தில் சாரல். வட்டக்கானல்காரர்களும் எஸ்டேட் ஆட்களும் சாக்கையும் பிளாஸ்டிக் தாளையும் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். குடைக்குக் கீழே நின்றவர்கள் பேசினார்கள். அவர்களில் ஒருவர் சுகாதாரத் துறையின் முன்னாள் அதிகாரி. "சாந்தமே உருவானவர். கோபம் என்றால் என்னவென்று அறியாதவர். அவரும் நானும் சேர்ந்து இந்த மலைக்குக் கொண்டுவந்ததுதான் பச்சை அட்டை" என்றார். கூட்டத்தின் ஓரத்தில் முத்தையா நின்றிருந்தார். அந்தப் பேச்சு அவர் காதில் விழவில்லை. விழ வழியில்லை. ஏன் வழியில்லை என்பதை அன்று அங்கே நின்ற உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சாந்தமாம்! டாக்டரம்மாவோடு ஒருநாள் வேலை பார்த்தவர்கள்கூட இதை நம்ப மாட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் மலையடிவாரத்து அரசு மருத்துவமனை ஒன்றில் ஆய்வக ஊழியன். அவர் மலைமேல் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர். ஒரு மத்தியானம், புடவைக் கரையெல்லாம் சேறாக, என் ஆய்வகத்துக்குள் நுழைந்தார். கையில் நான் எழுதிய சளிப் பரிசோதனைச் சீட்டு.

"இத எழுதுனது யாரு?"

"நான்தாங்க."

"ரெண்டு பிளஸ்னு போட்டிருக்கீங்க. ஒங்க ரெண்டு பிளஸ்ஸும் எங்க ரெண்டு பிளஸ்ஸும் ஒண்ணா?"

காசநோய்க் கிருமி சளியில் எவ்வளவு தெரிகிறதோ அதற்கேற்ப பிளஸ் குறி போடுவது வழக்கம். எங்கள் ஆய்வகத்தில் மூன்று பிளஸ்ஸோடு முடியும். மிஷன் ஆஸ்பத்திரியில் நான்கு வரை போகும். அங்கே மூன்று பிளஸ் இருந்த நோயாளி இறங்கி வந்து எங்களிடம் சோதித்தபோது இரண்டு பிளஸ். "கொறஞ்சிருக்குன்னு நான் சந்தோசப்பட்டுட்டேன் சார். அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன். ஒண்ணும் கொறையல. அளவுதான் மாறியிருக்கு" என்று சொல்லிவிட்டுச் சீட்டை மேசையில் அறைந்தார். என்மீது கோபமா, தன்மீது கோபமா என்று பிரித்தறிய முடியாத கோபம் அது. அன்று பொழுது சாய்வதற்குள் மைக்ராஸ்கோப் முன்னால் மாறி மாறி உட்கார்ந்து, இரண்டு இடத்துக்கும் ஒரே அளவை முடிவு செய்தோம். பஸ் ஏறும்போது சொன்னார்: "நம்ம ரெண்டு பேரு சோலி முடிஞ்சுச்சு. மத்தவங்கள என்ன பண்றது?"

அந்தக் கேள்விக்கு விடை தேடும் முன்பே முத்தையாவின் காது போய்விட்டது.

முத்தையாவும் அவர் மனைவி பார்வதியும் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, இரு நாட்டு அரசுகள் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர்கள். இங்கே ஓர் எஸ்டேட்டில் சவுக்கு மரம் வெட்டும் கூட்டத்தில் முத்தையாவுக்கு வேலை கிடைத்தது. இருமல் வந்தபோது எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். வெட்டு வேறு மலைச்சரிவுக்கு மாறியது. மிஷன் ஆஸ்பத்திரியில் அதே ஊசியை முதலிலிருந்து தொடங்கினார்கள். வேலை முடிந்து அடிவாரத்துக்கு வந்தார். எங்கள் மருத்துவமனையிலும் முதலிலிருந்து. அந்த மருந்து அளவு மீறினால் செவி நரம்பைத் தின்றுவிடும் என்பது ஊசி போட்ட எல்லோருக்கும் தெரியும். முன்னால் எவ்வளவு போட்டார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

பழைய சீட்டையும் பெயரையும் கேட்காமல் இல்லை. கப்பல் காகிதத்தில் தகப்பன் பெயர் முன்னால் இருந்ததால் எஸ்டேட்டில் அவர் 'காளிமுத்து முத்தையா'. மிஷனில் வெறும் 'முத்தையா'. எங்களிடம் 'காளிமுத்து'. பார்வதி எஸ்டேட் சீட்டைப் பத்திரமாகக் கொண்டுபோய் மிஷனில் காட்டியிருக்கிறார். அதில் மருந்தின் பெயருக்குப் பதிலாக 'எஸ்' என்ற ஓர் எழுத்து. எஸ்டேட்டில் 'எஸ்' என்றால் ஸ்ட்ரெப்டோமைசின். மிஷனில் 'எஸ்' என்றால் சல்பா மாத்திரை.

"காதுக்குள்ள வண்டு கத்துதுன்னாரு டாக்டரம்மா. பொறவு தலை சுத்துதுன்னாரு. பொறவு நான் கூப்புட்டா திரும்பல" என்றார் பார்வதி. "எங்களுக்கு என்னா தெரியும்? ஒவ்வொரு எடத்திலயும் கைய நீட்டச் சொன்னாங்க, நீட்டினோம்."

மரம் சாயும்போது கூட்டாளி கொடுக்கும் குரல் கேட்காதவனை எந்த வெட்டுக் கூட்டமும் சேர்க்காது. முத்தையாவையும் சேர்க்கவில்லை. எங்கள் பதிவேட்டையும் தன்னுடையதையும் எஸ்டேட்டிலிருந்து கெஞ்சி வாங்கி வந்ததையும் அருகருகே விரித்து வைத்து அமலோற்பவம் வரி வரியாக ஒத்துப் பார்த்தார். "நோயாளி ஒருத்தருதான் சார்" என்றார். "நாமதான் அவர மூணா வெட்டி வச்சிருக்கோம்."

அதற்குப் பிறகுதான் மூன்று நிர்வாகத்தையும் அவர் ஒன்றாகக் கூட்டிய அந்தப் புகழ்பெற்ற கூட்டம். உங்களில் சிலர் அதில் இருந்தீர்கள். யார் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. எங்கள் பதிவேடு எங்கள் சொத்து என்றார் மிஷன் கண்காணிப்பாளர். எங்கள் தொழிலாளியின் நோய் ஊருக்கு எதற்கு என்றார் எஸ்டேட் மேனேஜர். மேலிடத்து உத்தரவு இல்லாமல் ஒரு காகிதத்தையும் தொட முடியாது என்றார் எங்கள் மருத்துவமனைப் பெரியவர். அமலோற்பவம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முத்தையாவை உள்ளே அழைத்து நடுவில் நிறுத்தினார். "இவரு ஒங்க மூணு பேருகிட்டயும் ஒழுங்கா வைத்தியம் பார்த்துக்கிட்டவரு. ஒங்க சொத்து எதுன்னு இவருகிட்டச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, அவருக்குக் கேக்காது."

அப்படிப் பிறந்ததுதான் பச்சை அட்டை. அதில் புதுமை ஒன்றுமில்லை. பெயரை எல்லோரும் ஒரே வரிசையில் எழுத வேண்டும். மருந்தின் பெயரை முழுதாக எழுத வேண்டும். எடை கிலோவில் இருக்க வேண்டும். பரிசோதனை முடிவுக்கு ஒரே அளவு. ஒத்துக்கொள்ளாத மருந்துக்கென்று மேலே தனியாக ஓர் இடம். அவ்வளவுதான். இந்த அவ்வளவுக்குத்தான் ஒரு மனுஷி மலையேறி இறங்கி வருஷக்கணக்கில் சண்டை போட வேண்டியிருந்தது.

முதலில் அச்சடித்த அட்டையில் 'காசநோய்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதைக் கண்ட கங்காணி ஒரு பெண்ணை வேலைக்கு வர வேண்டாமென்று சொல்லிவிட்டான். சேதி கேட்டதும் அமலோற்பவம் மிச்சமிருந்த அத்தனை அட்டையையும் அடுப்பில் போட்டார். நோயின் பெயருக்குப் பதில் வைத்தியர்களுக்கு மட்டும் விளங்கும் எண்ணைப் போட்டு மறுபடி அச்சடித்தார். "அட்டை அவங்க கையில இருக்கட்டும். யாருக்குக் காட்டணும்ங்கிறது அவங்க இஷ்டம்" என்றார். அட்டைகளை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்வதுதான் ஒழுங்கு என்று நான் வாதாடினேன். "யாரு ஒழுங்கு?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்தார்.

பார்வதிக்கும் ஓர் அட்டை இருந்தது. மிஷனில் ஒருமுறை காயத்துக்குப் பென்சிலின் போட்டபோது உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, பிழைத்தது பெரும்பாடாகிவிட்டது. 'பென்சிலின் போடக் கூடாது' என்று அமலோற்பவமே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். பார்வதி அதை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார்.

பிறகு எண்பதுகளின் தொடக்கத்தில், கல்லறையில் பேசிய அந்த அதிகாரி எங்கள் பக்கத்துக்கு வந்தார். வந்ததும் போட்ட முதல் உத்தரவுகளில் ஒன்று: அரசு அச்சகத்தில் அச்சிடப்படாத எந்தப் படிவமும் அரசு மருத்துவமனைக்குள் நுழையக் கூடாது. நோயாளிகள் கொண்டுவந்த பச்சை அட்டைகளைச் சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே வாங்கிச் சாக்கில் போட்டார்கள். அட்டைக்கு அவர்கள்தான் சொந்தக்காரர்கள் என்று நான் சொன்னேன். என்னை முதுகுக்குப் பின்னால் 'மிஷன்காரன்' என்றார்கள். அமலோற்பவம் கீழே வந்து அதிகாரியின் அறையில் போட்ட சத்தம் வெளிநோயாளிகள் வரிசை வரை கேட்டது. "அது காகிதம் இல்ல சார். அவங்க ஒடம்பு. எடுத்தா திருப்பிக் குடுக்கணும்." அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. சாக்குகள் பழைய பேப்பர்காரனிடம் போயின.

அதற்குள் முத்தையாவும் பார்வதியும் அய்யம்பாளையம் பக்கம் தோட்ட வேலைக்கு வந்துவிட்டிருந்தார்கள். ஒருநாள் பார்வதிக்கு அனல் காய்ச்சல், கால் புண் சீழ்பிடித்து வீங்கியிருந்தது. முத்தையா வண்டி பிடித்து எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். நான் அன்று ஆய்வகச் சாமான் வாங்கத் திண்டுக்கல் போயிருந்தேன். பென்சிலின் ஊசி போட்டிருக்கிறார்கள். நான் திரும்பி வந்தபோது பார்வதி உயிரோடு இல்லை.

பணியிலிருந்த நர்ஸ் அழுதுகொண்டே சொன்னார்: "கேட்டேன் சார். முன்னாடி ஏதாச்சும் ஊசி சேராமப் போயிருக்கான்னு அந்தாளுகிட்டக் கேட்டேன். அந்தம்மாவுக்கு நெனவே இல்ல, வேற யாருகிட்டக் கேப்பேன்? இல்லைன்னுதான் தலையாட்டுனாரு."

முத்தையாவுக்கு எந்தக் கேள்வியும் கேட்டிருக்காது. வெள்ளை உடை போட்டவர்கள் வாயசைத்தால் தலையாட்டுவது அவர் வழக்கம். தராமல் போன பதில் ஒரு சாக்குக்குள் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது.

அமலோற்பவம் மறுநாள் வந்தார். பயந்து ஒடுங்கி நின்ற நர்ஸின் தோளைப் பிடித்து, "நீ சரியாத்தான் கேட்ட தாயி. பதில் சொல்ல வேண்டியதப் பிடுங்கிட்டானுக" என்றார். பிறகு போய் முத்தையாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முத்தையா, தன் குரலின் அளவு தனக்கே தெரியாத சத்தத்தில், "அட்டையக் கேட்டாங்க, குடுத்துட்டோம் டாக்டரம்மா. பெரியவங்க கேட்டா குடுக்காம இருக்க ஏலுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இறப்புக் காரணம் மாரடைப்பு என்று எழுதப்பட்டது. அமலோற்பவம் மனு போட்டார். விசாரணை வந்தது. விசாரணையில் கேட்கப்பட்டதெல்லாம் ஒன்றுதான்: அனுமதி இல்லாத அட்டையை அச்சடிக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? செத்தவளைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அரசாங்கத்தோடு தகராறு வேண்டாம் என்று மிஷன் நிர்வாகம் அவரை அடக்கப் பார்த்தது. முடியாமல், நோயாளிகளைப் பார்க்கும் வேலையிலிருந்து எடுத்து மருந்துக் கிடங்கில் உட்கார வைத்தது. அவர் எழுந்து போய்விட்டார். வட்டக்கானலில் வாடகை அறையில் சின்ன வைத்தியசாலை வைத்து, கடைசிவரை அங்கேயே இருந்தார். கல்லறையில் பூ வைத்தவர்களில் எத்தனை பேர் அந்த அறைக்கு ஒருமுறையாவது போனீர்கள்?

அந்த அதிகாரி பதவி உயர்ந்து போனார். சில வருஷம் கழித்துத் துறையே ஓர் அட்டையை அச்சடித்து அனுப்பியது. பெயர் வரிசை எங்களுடையது, அளவு எங்களுடையது, மருந்தை முழுதாக எழுத வேண்டுமென்ற குறிப்பும் எங்களுடையது. ஒத்துக்கொள்ளாத மருந்துக்கான இடத்தை மட்டும், இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்கள். பார்வதி செத்த இடத்தை அட்டையிலிருந்து வெட்டி எறிந்துவிட்டு, இப்போது அதற்குத் தானும் தகப்பன் என்று அந்த அதிகாரி ஈர மண்ணின் மேல் நின்று சொல்கிறார்.

அமலோற்பவத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். விசாரணைக் காலத்தில் அவரோடு பல அலுவலகங்களுக்குப் போயிருக்கிறேன். எங்கேயும் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. கால் வலிக்கவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "ஒக்காந்தா டீ சொல்லுவாங்க. டீ வந்தா ஊர்க்கதை வரும். கேக்க வந்தத வாசல்லயே விட்டுட்டு வந்துருவோம்" என்றார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். துறையின் அட்டையில் ஒத்துக்கொள்ளாத மருந்துக்கு மறுபடியும் இடம் வேண்டுமென்று எழுதிக் கொண்டுபோயிருந்தேன். இப்போதிருக்கும் அதிகாரி இளையவர், மரியாதை தெரிந்தவர். "உட்காருங்க சார், டீ சாப்பிடுறீங்களா?" என்றார்.

"வேண்டாங்க. எப்போ அச்சடிப்பீங்க?" என்றேன்.

பார்க்கலாம் என்றார். நின்றபடியே இருந்தேன். அவர் வேறு கோப்புகளைப் புரட்டினார், போன் பேசினார், நடுநடுவே நாற்காலியைக் காட்டினார். கடைசியில், தேதி சொல்லாமல், செய்கிறோம் என்றார். தேதி சொல்லும்வரை வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடி போகிறேன். டாக்டரம்மாவை உண்மையாகவே அறிந்தவர்கள் யாராவது இருந்தால், கூட வந்து நில்லுங்கள்.