இடது பக்கம் திரும்பும் டெலியா

கண்ணாடியைத் துடைத்தாயிற்று. அடுத்தது மிட்டாய். டெலியா மக்னிஃப் ஒரு பெப்பர்மிண்டை ஸ்டியரிங்கில் தட்டி உடைத்து, பாதியை வாயிலும் பாதியைச் சட்டைப் பையிலும் போட்டுக்கொள்கிறார். பையில் இருப்பது திரும்பி வரும்போது தின்ன. பிறகு தலையைத் திருப்பாமலே ஒரு சத்தம்: "பூட்ஸைத் தட்டிட்டு ஏறுங்கடா! இது பஸ்ஸு, மாட்டுக் கொட்டாய் இல்ல."

வார நாட்களில் அந்தப் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் போவார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊரான டிரம்காலோவின் பந்தாட்ட அணி. அணியில் ஆடும் பதினைந்து பேரில் பதினோரு பேர் இதே பஸ்ஸில் வாந்தி எடுத்து வளர்ந்தவர்கள்தான். கேப்டன் ஓயின் ஹெஃபர்னனைப் பார்த்தால் எதிரணியின் தடுப்பாட்டக்காரர்கள் நடுங்குவார்கள். டெலியாவுக்கு அவன் இன்றும் 'வாளி'. சின்ன வயதில் மடியில் வாளியை வைத்துக்கொண்டு பயணம் செய்தவன் என்பதால் வந்த பெயர். தண்ணீர் பாட்டில் தூக்கும் எனக்கு அவர் இன்னும் பெயரே வைக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

முப்பத்தாறு வருடமாக ஒரு வழியும் தவறாதவர் என்பது அவருடைய பெருமை. யாரோ வழிகாட்டும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் கேட்டுப் பார்த்தார். "குரல் நல்லாத்தான் இருக்கு. எந்த வீட்டு நாய் குறுக்க ஓடும்னு இதுக்குத் தெரியுமா?" என்றார். கருவி இப்போது கோழிக்கூண்டில் இருக்கிறது.

இப்பேர்ப்பட்டவர்தான் வருடத்துக்கு ஒருநாள், ஊரே பார்க்க, வழி தவறியாக வேண்டும்.

இதெல்லாம் எங்கள் அணியின் முதல் இறுதிப் போட்டியன்று ஆரம்பித்தது. பாலம் பழுது, சுற்றிப் போகச் சொல்லிவிட்டார்கள். மூடுபனி வேறு. நாற்சந்தியில் டெலியா வாழ்க்கையில் முதல் முறையாக இன்னொருவரிடம் வழி கேட்டார். வாசல் கேட்டில் சாய்ந்து நின்ற அந்த ஆள் மார்ட்டி ஸ்கலி, பக்கத்து ஊரான கிளான்ஷீயைச் சேர்ந்தவர். முந்தின வாரம்தான் அவர்கள் எங்களிடம் அரையிறுதியில் தோற்றிருந்தார்கள். கூசாமல் இடது பக்கம் கையைக் காட்டிவிட்டார். அந்தப் பாதை, அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டுகிற சேற்றுநிலத்தில் போய் முடிகிறது. பஸ்ஸின் சக்கரம் பாதி புதைந்தது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கப் பன்னிரண்டு நிமிடம்தான் இருந்தது. பயப்பட நேரமே இல்லை. முழங்கால்வரை சேற்றோடு இறங்கி ஏழு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

மறுவருடம் ஓயின்தான் ஆரம்பித்தான். "டெலியா, அதே வழியில போங்க."

"வாளி, அது வழியே இல்லடா. சேறு."

"ஜெயிச்ச சேறு!"

அவ்வளவுதான், அது சட்டமாகிவிட்டது. ஒவ்வொரு இறுதிப் போட்டிக்கும் நாற்சந்தியில் பஸ் நிற்கும். டெலியா பல்லைக் கடித்துக்கொண்டு வழி கேட்பார். முகம் மழித்து, கோட்டுப் போட்டுக் காத்திருக்கும் மார்ட்டி இடது பக்கம் கையை நீட்டுவார். நாங்கள் சேற்றில் இறங்கித் தள்ளுவோம். ஐந்து வருடம், ஐந்து கோப்பை. எங்கள் மாவட்டத்தில் தொடர்ந்து ஆறு கோப்பை யாரும் எடுத்ததில்லை.

கோப்பை எங்களுக்கு, கேலி டெலியாவுக்கு. பால் வாங்கப் போனாலும் கடைக்காரர் விடுவதில்லை. "வீட்டுக்கு வழி தெரியுமா, டெலியா? கூட வரட்டா?" உண்மையிலேயே அவருக்கு வலித்தது. போன வாரம் பஸ்ஸில் எழுந்து நின்று சொன்னார்: "ஒரே ஒரு தடவை அந்த ஆளு சரியான வழியைச் சொல்லட்டும். நான் அந்த வழியிலதான் போவேன். சத்தியம். அப்புறம் சேத்துல போகச் சொல்லி யாரும் என்னைக் கேக்கக் கூடாது."

இன்று ஆறாவது இறுதிப் போட்டி. எதிரணி கிளான்ஷீயேதான்.

நாற்சந்தியில் மார்ட்டி கோட்டுப் போடவில்லை. கிளான்ஷீயின் மஞ்சள் பனியன் போட்டிருந்தார். டெலியா ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "மைதானத்துக்கு எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்" என்றார் மார்ட்டி. "இருபதே நிமிஷம். நல்ல ரோடு."

 ஓயின் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினான். "மார்ட்டி! தயவு செஞ்சு பொய் சொல்லுங்க!"

"மாட்டேன். அஞ்சு வருஷம் பொய் சொல்லி உங்களுக்கு அஞ்சு கோப்பை குடுத்தேன். எங்க ஊர்ல எனக்கு ஒருத்தனும் டீ ஊத்தித் தர்றதில்ல. எங்கம்மா மேல சத்தியமா வலது பக்கம்தான்!"

"அயோக்கியன், உண்மையைச் சொல்றானே!" என்று பின்சீட்டில் யாரோ அழாத குறையாகக் கத்தினார்கள்.

டெலியா கேட்ட நாள் வந்துவிட்டது. வலது பக்கம் திரும்பினால் போதும், ஐந்து வருடக் கேலி இன்றோடு முடிந்துவிடும். யாரும் வாய் திறக்க முடியாது. சத்தியம் செய்ததை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வலது பக்கச் சாலை காலை வெயிலில் காய்ந்து, அகலமாக, ஒரு மாடுகூட இல்லாமல் கிடந்தது.

அவர் அந்தச் சாலையைப் பார்த்தார். மேலே இருந்த கண்ணாடியில் எங்கள் முகங்களைப் பார்த்தார். "பூட்ஸைக் கழட்டி வைங்கடா" என்று முணுமுணுத்துவிட்டு, இடது பக்கம் திரும்பும் விளக்கைப் போட்டார்.